செதில் படையும் நம் அங்கத்தினர் வாழ்வும்

சுருளி அருவிக்குச் செல்லும் சாலையில் சுருளிப்பட்டியைக் கடப்போர் திராட்சைப் பந்தல்களைக் காணாமல் போவதற்கில்லை. 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை விளையும் பகுதி இது. கவாத்து வெட்டுவது முதல் கொத்தைக் கத்தரித்துக் கூடையில் அடுக்குவது வரையில் இப்பயிரின் வேலைகளிற் பெரும்பாலானவை கையால் நடைபெறுபவை. பழத்தின்மேல் படிந்திருக்கும் மெல்லிய வெண்பூச்சுக் கலையாமல் கொத்தை எடுக்கத் தெரிந்த கைக்கே பந்தலில் மதிப்பு. இதே மாவட்டத்தில் ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் தறியை நம்பி வாழும் குடும்பங்கள் பல. பாவு பிணைப்பதும், அறுந்த இழையைத் தேடி முடிவதும் அங்கும் விரல்களின் வேலையே. இப்படிப்பட்ட கையின் தோல் ஒரு நாள் சிவந்து தடித்து, வெடித்து, செதில் செதிலாக உதிரத் தொடங்கினால் அந்தக் குடும்பத்தின் கதி யாது என்பதை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

ஆங்கில வைத்தியத்தில் இந்நோய்க்கு சோரியாசிஸ் என்று பெயர். சித்த வைத்தியர்கள் காளாஞ்சகப்படை என்பர். செதில் படை என்று சொல்வாரும் உளர். அறியாமையால் பெருவியாதி என்று சொல்லி வாயை மூடிக்கொள்வாரும் உளர். மனிதனுடைய மேல்தோல் ஓயாது தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. அடியிலே தோன்றிய உயிரணு மேலே வந்து உதிர்வதற்கு ஏறக்குறைய 28 நாட்கள் ஆகும். செதில் படை கண்ட இடத்திலோ அதே காரியம் 3 முதல் 5 நாட்களுக்குள் நடந்துவிடுகிறது. பழையவை உதிருமுன்னே புதியவை வந்து குவிவதால் தோல் தடித்துச் சிவக்கிறது. அதன்மேல் வெள்ளி நிறச் செதில் அடுக்கடுக்காக நிற்கிறது. முழங்கை, முழங்கால், தலை, இடுப்பின் பின்புறம் ஆகியவற்றில் அதிகமாகக் காணும். சிலருக்கு நகங்களில் ஊசியால் குத்தினாற்போன்ற சிறு குழிகள் விழும். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி வழி தவறித் தன் தோலின்மீதே வேலை செய்வதுதான் இதற்கு மூலம். பிறவிக்கூறு ஓரளவு காரணம். தொண்டைப்புண், மனக்கவலை, மது, புகையிலை, வேறு நோய்களுக்குத் தரப்படும் சில மருந்துகள் ஆகியவை உறங்கிக் கிடப்பதை எழுப்பிவிடக் கூடும். பனிக்காலத்தில் பலருக்கும் அதிகமாகும்.

இது தொற்று வியாதி அன்று. இதனை எத்தனை முறை சொன்னாலும் தகும். கிருமியால் வருவதன்று, ஆதலின் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்வதற்கு அதில் ஒன்றுமில்லை. கை குலுக்கினாலும், ஒரே பாயில் படுத்தாலும், ஒரே துண்டால் துவட்டினாலும், உதிர்ந்த செதில் மேலே பட்டாலும் பரவாது. நோயுற்ற கை பறித்த பழத்தைத் தின்பதாலோ, நோயுற்ற கை நெய்த வேட்டியை உடுத்துவதாலோ ஒரு தீங்கும் இல்லை.

இருந்தும் அச்சம் தொலையவில்லை. அதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. தொழுநோயையும் இதனையும் உலகம் நெடுங்காலம் ஒன்றாகவே எண்ணி வந்தது. 1841-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துச் சரும வைத்தியராகிய ஹீப்ரா என்பவர்தாம் இரண்டும் வெவ்வேறு என்று ஐயத்துக்கிடமின்றிப் பிரித்துக் காட்டினார். தொழுநோய்த் தழும்பில் உணர்ச்சி குன்றும். செதில் படையில் உணர்ச்சி குன்றுவதில்லை, மாறாக அரிப்பும் எரிச்சலும் மிகும். தொழுநோயுங்கூட இன்று மாத்திரைகளால் முற்றிலும் குணமாவது, மருந்து அரசாங்கத்தால் இலவசமாகக் கொடுக்கப்படுவது. அந்நோயாளரை ஒதுக்குவதற்கே நியாயமில்லாதபோது, அவரோடு தவறாகச் சேர்த்து எண்ணப்பட்டவரை ஒதுக்குவதற்கு நியாயம் எங்கிருந்து வரும்?

உலகெங்கும் குறைந்தது 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன், 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஜெனீவாவில் கூடிய உலக சுகாதார சபை இதனைத் தொற்றாத, நாட்பட்ட, வலி மிகுந்த, உருவத்தைக் குலைத்து உழைப்பை முடக்கும் நோய் என்று தீர்மானம் நிறைவேற்றியது. இந்தியாவில் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு அரைப் பேர் முதல் மூவர் வரை என்று கணக்குத் தேறுகிறது. 600 அங்கத்தினர் உள்ள ஒரு சங்கத்தில் குறைந்த கணக்கில் பார்த்தாலும் மூவருக்கு இருக்கக்கூடும் என்று ஆகிறது. அவர்கள் யாரென்று காரியதரிசிக்குத் தெரியாமல் இருப்பது வியப்பன்று. முழுக்கைச் சட்டைக்குள்ளும் தலைப்பாகைக்குள்ளும் மறைத்து வைப்பது இந்நோயாளர்களின் முதற்பாடம்.

இனி நாம் சொல்லவந்த முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இந்நோய் எவ்வளவு கடுமையானது என்பதை எதைக்கொண்டு அளப்பது? தோலில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பதே நெடுநாள் வழக்கத்தில் இருந்த அளவு. விரல்களும் சேர்ந்த ஓர் உள்ளங்கையின் பரப்பு, அவரவர் உடம்பின் மொத்தத் தோற்பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு வைத்தியர்கள் கணக்கிடுவார்கள். இந்தக் கணக்கை நம் நெசவாளர் ஒருவருக்குப் பொருத்திப் பாருங்கள். முதுகு முழுதும் நோய் கண்டு கைகால் சுத்தமாயிருப்பவர் சட்டையைப் போட்டுக்கொண்டு குழித்தறியில் இறங்கி அன்றைய நெசவை முடித்துவிடக் கூடும். இரண்டு உள்ளங்கைகளில் மட்டும் நோய் கண்டவருக்கோ பரப்பு நூற்றுக்கு இரண்டே. பழைய கணக்கின்படி இலேசான நோய். ஆனால் வெடித்த உள்ளங்கையால் நாடாக் கயிற்றைச் சுண்டி இழுக்க முடியாது. வெடிப்பில் இழை மாட்டும். இரத்தம் கசிந்தால் பாவில் கறை விழும். உள்ளங்காலிலும் வந்துவிட்டால் மிதியை மிதிக்க இயலாது. இலேசான நோய் என்று ஏட்டில் எழுதப்பட்டவர் வீட்டில் அடுப்பு எரியாது. சுருளிப்பட்டிப் பந்தலில் கத்தரிக்கோல் பிடிப்பவருக்கும் இதே நிலைதான்.

வைத்திய உலகம் இதனைக் காலந்தாழ்த்தியேனும் உணர்ந்துகொண்டது. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த கார்டிஃப் நகரில் ஃபின்லே, கான் என்னும் இருவர் 1994-ஆம் ஆண்டில் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளை வகுத்தார்கள். தோல் நோயால் சென்ற ஒரு வாரத்தில் உமது வாழ்வு எவ்வளவு பாதிக்கப்பட்டது என்பதே அதன் சாரம். கேள்வி ஒன்றுக்கு 3 வரை மதிப்பெண்; மொத்தம் 30. பத்துக்கு மேற்போனால் வாழ்வு பெரிதும் குலைந்திருக்கிறது என்று பொருள். ஃபின்லே 2005-இல் மேலும் ஒரு விதியைச் சொன்னார்: பரப்பு நூற்றுக்குப் பத்துக்கு மேற்போனாலும் சரி, பரப்பு குறைந்திருந்தும் இந்தத் தாளில் மதிப்பெண் பத்தைத் தாண்டினாலும் சரி, அது கடுமையான நோயே, அதற்குரிய சிகிச்சை தரப்பட வேண்டும். உள்ளங்கை இரண்டில் மட்டும் நோயுள்ள நம் நெசவாளர் இந்த விதியினால்தான் வைத்தியரின் கண்ணில் உரிய இடம் பெறுகிறார். தம் கையைக் காட்டுவதோடு நில்லாமல், இந்தக் கையால் என்ன தொழில் செய்கிறேன், எத்தனை நாள் தொழிலுக்குப் போகவில்லை என்பதையும் அவர் வாய்திறந்து சொல்லவேண்டும். கேளாமலே அறிந்துகொள்ள வைத்தியருக்கு நேரமிராது.

அந்தக் கேள்விகள் கேட்பவை எவை? அரிப்பும் வலியும் எப்படி, கூச்சம் எப்படி, கடைகண்ணிக்குப் போவதும் வீட்டு வேலையும் எப்படி, உடுக்கும் உடை எப்படி, பிறரோடு கலந்து பழகுவது, விளையாட்டு, தொழில் அல்லது படிப்பு, உற்றார் உறவு, கணவன் மனைவி வாழ்வு, கடைசியாக வைத்தியத்தால் வரும் தொல்லை. சீமையில் எழுதப்பட்டவையாயினும் நம் பள்ளத்தாக்கில் ஒவ்வொன்றுக்கும் பதில் உண்டு.

அரிப்பை முதலில் சொல்வோம். பகலெல்லாம் வேலையில் மறந்திருக்கும் அரிப்பு இரவில் படுத்தவுடன் எழுகிறது. தூக்கம் கெட்டவன் மறுநாள் பாவின் முன் உட்கார்ந்தால் இழை எண்ணிக்கை தவறுகிறது. சொறியச் சொறியத் தோல் புண்ணாகிறது. புண்ணான இடத்தில் நோய் மேலும் தடிக்கிறது. காயமும் உராய்வும் பட்ட இடத்தில் புதிதாகச் செதில் படை எழும்புவதை ஜெர்மன் வைத்தியராகிய கோப்னர் 1872-ஆம் ஆண்டில் விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. இது நம் தொழிலாளர்கள் நன்கு அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று. பந்தற் கம்பி கீறிய கீறல், கத்தரிக்கோல் காப்பு ஏறிய இடம், தறிப் பலகையில் நாள் முழுதும் உராயும் தொடை, முடி திருத்தும் கத்தி பட்ட பிடரி ஆகிய இடங்களில் 10 அல்லது 20 நாள் சென்று படை தோன்றினால் அது யாரும் வைத்த சூனியமுமன்று, தொட்டு ஒட்டிக்கொண்டதுமன்று. மருந்து தெளிக்கும்போது கையுறை அணிவதும், அதற்கு உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போடுவதும், தறியில் கைபடும் பிடிக்குப் பழந்துணி சுற்றுவதும் சிறு காரியங்கள். ஆனால் பலன் உண்டு.

மூட்டுகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுவோம். செதில் படை உள்ளவர்களிற் பத்துப் பேருக்கு ஒருவர் முதல் மூவர் வரை மூட்டு அழற்சியும் பெறுகிறார்கள். காலையில் விரல்கள் மடங்காமல் அரைமணி, ஒருமணி நேரம் விறைத்து நிற்பதும், ஒரு விரல் முழுதும் வீங்குவதும், குதிகால் வலியும் அதன் அறிகுறிகள். நெசவாளர் இதனைத் தறிவலி என்று எண்ணித் தைலம் தடவிக்கொண்டு வருடங்களைக் கழிப்பதுண்டு. தொடக்கத்தில் மருந்து கொடாவிடில் வளைந்த விரல் பிறகு நிமிராது. தோலில் செதிலும் விரலில் விறைப்பும் சேர்ந்து காணப்பட்டால் ஒரு மாதங்கூடத் தாமதிக்கலாகாது.

கூச்சத்தைப் பற்றி எழுதுவது எளிதன்று. விடியுமுன் இருளில் வந்து கூடையைப் போட்டு, வெளிச்சம் வருவதற்குள் திரும்பிவிட நினைக்கும் மனத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? பள்ளத்தாக்கிலிருந்து மலைமேல் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் போகும் பெண்கள் ஒருவரோடொருவர் ஒட்டித்தான் உட்கார வேண்டும். கையில் படை கண்ட பெண்ணுக்கு அருகில் இடம் விட்டு மற்றவர் நெருக்கிக்கொண்டால், அந்த ஒரு சாண் இடம் அவளுக்கு மருந்து தீர்க்க முடியாத புண். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் சுருளி அருவியில் நீராடப் பெருங்கூட்டம் கூடுகிறது. செதில் படை உள்ளவர் மேலாடை களைந்து அருவியின் கீழ் நிற்பதற்குத் தயங்குவார். நின்றாலும் பக்கத்தில் நிற்பவர் நகர்வதைக் காண்பார். அருவியில் குளிப்பதால் அவருக்குத் தீங்கில்லை. செதில் நனைந்து இளகும், குளித்தவுடன் தேங்காயெண்ணெய் தடவினால் தோல் வறளாது. அவரோடு குளிப்பவர்க்கும் தீங்கில்லை. முடிதிருத்தும் நிலையத்தில் நாற்காலி தர மறுப்பதும் இதே வகையைச் சேர்ந்தது.

அமெரிக்க நாவலாசிரியர் ஜான் அப்டைக் என்பவருக்குச் சிறுவயது முதல் இந்நோய் இருந்தது. 1989-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் அவர் ஒன்று சொல்லியிருக்கிறார்: பிறர் முன்னிலையில் தோன்ற வேண்டிய உத்தியோகங்கள் யாவும் தமக்குச் சரிப்படா என்று தள்ளிக்கொண்டே வந்து, அறைக்குள் அமர்ந்து செய்யும் எழுத்துத் தொழிலைக் கைக்கொண்டாராம். அவருக்குத் தொழிலைத் தேர்ந்துகொள்ளும் வசதியாவது இருந்தது. அரை ஏக்கர் பந்தலும், அதன்மேல் சங்கக் கடனும் உள்ளவருக்கு அந்த வசதி ஏது?

கல்யாணப் பேச்சில்தான் இந்நோய் செய்யும் கொடுமை உச்சத்தை அடைகிறது. பெண்ணுக்கு இருந்தால் பெண்ணை ஒதுக்குகிறார்கள்; தகப்பனுக்கு இருந்தாலும் பெண்ணை ஒதுக்குகிறார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை என்பதே உண்மை. மறைத்து முடித்த கல்யாணம் பின்னர் வழக்காக வளர்வதும் உண்டு. ஆதலால் மறைக்கச் சொல்லி நாம் யோசனை கூறமாட்டோம். தொழுநோயையே விவாகரத்துக்கு ஒரு காரணமாக 1955-ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டம் வைத்திருந்தது. 2019-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் அந்த வாசகத்தை எடுத்துவிட்டது. தொற்றும் நோய்க்கே சட்டம் கைவிட்ட ஒதுக்கலை, தொற்றாத நோய்க்கு உறவினர் கைக்கொள்வது அழகன்று.

மனச்சோர்வு இந்நோயோடு கூடவே வருவது. நோய் கவலையைத் தருகிறது. கவலை நோயை எழுப்புகிறது. இதற்கிடையில் சிலர் மதுவை நாடுகிறார்கள். மதுவோ நோயையும் வளர்க்கும், மருந்தையும் கெடுக்கும். உயிரை வெறுத்துப் பேசும் அளவுக்குப் போனவரை வீட்டார் இலேசாக எண்ணாமல் உடனே வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும். மேலும், கடுமையான செதில் படை உள்ளவருக்கு இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, இருதய நோய் ஆகியவை வரும் வாய்ப்பும் மற்றவரைக் காட்டிலும் அதிகம். 2021-இல் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருவோர் கொதிப்பும் சர்க்கரையும் பார்ப்பார்கள். தோலைக் காட்டக் கூசி அவர்களையும் திருப்பி அனுப்பிவிடுவது தவறு.

வைத்தியத்தால் வரும் தொல்லை என்று பத்தாம் கேள்வியில் கண்டோமே, அது நெசவாளர்க்கென்றே எழுதினாற்போல இருக்கிறது. தாரிலிருந்து எடுத்த களிம்பு செதில் படைக்குப் பழைய மருந்து. அமெரிக்காவில் கோக்கர்மன் என்பவர் 1925-இல் இத்தாரைப் பூசி ஒளிக்கதிரையும் காட்டும் முறையை வகுத்தார். நல்ல மருந்து, ஆனால் நாற்றமுடையது, கறுப்பாக ஒட்டுவது. மற்றொன்று டித்ரனால். அதன் வரலாறு கேட்க இனிமையானது. பிரேசில் தேசத்து மரமொன்றின் தூளைப் போர்ச்சுகீசியர் கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். படர்தாமரைக்கு நம் நாட்டில் பயன்பட்ட அந்தக் கோவாத் தூள் செதில் படைக்கும் உதவுவதை 1876-இல் லண்டனில் ஸ்கொயர் என்னும் வைத்தியர் எழுதினார். அதன் வழியில் பின்னர்ச் செயற்கையாகச் செய்யப்பட்டதே டித்ரனால். அது பட்ட தோலும் துணியும் ஊதாவும் பழுப்புமாகக் கறை பிடிக்கும். வெள்ளை வேட்டிக்குப் பாவு போட்டிருப்பவர் இத்தகைய களிம்பைக் காலையில் பூசிக்கொண்டு தறியில் உட்கார முடியுமா? முடியாது என்று கண்டு மருந்தை நிறுத்திவிடுகிறார். பூசி அரைமணி நேரத்தில் கழுவிவிடும் முறையும், இரவில் மட்டும் பூசிப் பழந்துணி சுற்றும் முறையும், கறைபடாத வேறு களிம்புகளும் உண்டு. நான் நெசவாளி, கறை ஆகாது என்று சொன்னால் வைத்தியர் மாற்றித் தருவார்.

மாத்திரைகளில் முக்கியமானது மெத்தோட்ரெக்ஸேட். இதன் பிறப்பில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், 1948-இல் காலமாகுமுன், தம் குழுவினரோடு ஃபோலிக் அமிலத்தை எதிர்க்கும் மருந்துகளை ஆக்கித் தந்தார். அவற்றுள் ஒன்றை மூட்டுவலிக்குக் கொடுத்தபோது செதில் படையும் மறைவதை 1951-இல் கண்டனர். அவ்வழியில் வந்தது இன்றைய மாத்திரை. விலை குறைவு, முறையாக உட்கொண்டால் கையையும் மூட்டையும் மீட்டுத் தர வல்லது. ஆனால் ஒரு விதியைக் கல்லில் எழுதினாற்போல நினைவில் வைக்கவேண்டும். இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் உட்கொள்ளும் மருந்து. நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கூலி பட்டுவாடா நாளையோ சந்தை நாளையோ குறித்துக்கொண்டு, வைத்தியர் சொன்ன அளவை அந்நாளில் மட்டும் உட்கொள்வது மறவாமைக்கு வழி. கர்ப்பிணிகளுக்கும் கருத்தரிக்க எண்ணுவோருக்கும் ஆகாது. அவ்வப்போது இரத்தப் பரிசோதனை வேண்டும். மது அறவே கூடாது.

வேறு புது மருந்துகளும் வந்துள்ளன. ஊசி வழியாகச் செலுத்தும் உயிரியல் மருந்துகள் பலருக்கு அற்புதமாகக் குணம் தருகின்றன. இந்தியாவிலேயே பெங்களூரில் ஆக்கப்பட்ட இட்டோலிசுமாப் என்பது 2013-இல் விற்பனைக்கு வந்தது. ஆனால் கூலிக்காரருக்கு எட்டும் விலையில் அவை இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். நோய் அடங்கும், ஆண்டுக்கணக்கில் தலைகாட்டாமலும் இருக்கும். அடியோடு ஒழிக்கும் மருந்து எந்த முறையிலும் இன்னும் இல்லை. அப்படி ஒழிப்பதாகப் பணம் வாங்குவோரை நம்பவேண்டாம்.

நாட்டு மருந்துகளை நாம் இகழவில்லை. கார்போகரிசியில் உள்ள சோரலென் என்னும் பொருளை உட்கொண்டு ஒளிக்கதிரில் நிற்கும் சிகிச்சை 1974-இல் அமெரிக்காவில் வெளியாகி உலகெங்கும் பரவியது. ஆனால் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி அரைத்துப் பூசி உச்சிவெயிலில் நின்றவர்கள் கொப்புளம் கண்டதும் உண்டு. வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் இட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறம் பெறும். சித்த வைத்தியர் செதில் படைக்குத் தரும் தைலம் இதுவே. இந்த இலையிலிருந்து அவுரியைப் போன்ற நீலச் சாயம் எடுத்து நூலுக்கு ஏற்றியதும் உண்டு என்பது நம் நெசவாளர்க்குச் சுவையான செய்தி. இலேசான நோய்க்குத் தோலை மென்மையாக்கி இத்தைலம் உதவலாம். துணியில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்னைத் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. முறைப்படி பார்க்க விரும்புவோர் அத்தகைய இடத்தையே நாடவேண்டும், பெயரில்லாத பொட்டலத்தை அன்று.

பெருந்தவறு வேறொரு பக்கம் நடக்கிறது. மருந்துக் கடையில் நேரே சென்று ஸ்டீராய்டு மாத்திரையும் களிம்பும் வாங்கிப் போட்டுக்கொள்வது. பத்து நாளில் தோல் பளபளக்கும். மாத்திரையை நிறுத்தியதும் உடல் முழுதும் சிவந்து உரிந்து, சீழ்க்கொப்புளம் தோன்றி, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை வருவதுண்டு. கத்தரிக்காயையும் கருவாட்டையும் விட்டுவிட்டேன், நோய் போகவில்லையே என்று வருந்துவோரும் பலர். அவற்றால் இந்நோய் வருவதாக நிரூபணம் இல்லை. உடற்பருமன் உள்ளவர் எடையைக் குறைத்தால் பயன் காண்பர் என்பதற்கு நிரூபணம் உண்டு.

சங்கங்கள் செய்யத்தக்கவை என்ன? மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் எண்ணப்பட்ட 21 குறைபாடுகளில் தொழுநோய் நீங்கியோர் உண்டு. செதில் படை இல்லை. மூட்டு முடங்கினால் அன்றி அரசாங்கச் சான்றிதழுக்கு வழி கிடைப்பது அரிது. ஆகையால் கை வெடித்து ஒரு மாதம் தறி நின்றால் அந்தக் குடும்பத்துக்கு முதலில் கிட்டும் துணை சங்கமேயாகும். ஒரு மாதம் துணி வரவில்லை என்பதற்காக நூல் பட்டியலிலிருந்து பெயரை அடிக்காமல் இருப்பது முதற்காரியம். பொதுநல நிதி வைத்திருக்கும் சங்கங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பேருந்துச் செலவை அதிலிருந்து ஏற்பது பற்றி நிர்வாக சபையில் பேசலாம், தொகை பெரிதன்று. அக்டோபர் 29 உலக சோரியாசிஸ் தினம். அன்று அறிவிப்புப் பலகையில் இது தொற்றாது என்று பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டுவதற்குச் செலவே இல்லை. கொள்முதல் மேசையில் இருப்பவர், படை கண்ட கை நீட்டும் துணியைத் தரையில் வைக்கச் சொல்லாமல் தம் கையாலேயே வாங்கிக்கொள்வாராயின், வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் அதைப் பார்ப்பார்கள்.

ஆண்டிபட்டிக்கு அண்மையில் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்க்குத் தனிப் பிரிவு இருக்கிறது. சுருளிப்பட்டியிலிருந்து கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேனி வழியாகப் போகவேண்டியிருப்பதால் விடியற்காலையில் புறப்பட்டால்தான் வெளிநோயாளர் நேரத்துக்குச் சேரலாம். இதுவரை பூசிய களிம்புக் குழாய்கள், தின்ற மாத்திரை அட்டைகள், நாட்டு மருந்தாயின் அந்தப் பொட்டலம், வேறு நோய்க்கு உட்கொள்ளும் மருந்துச் சீட்டு ஆகிய எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்க. காலை நேரத்தில் விரல் எவ்வளவு நேரம் விறைக்கிறது, சென்ற மாதத்தில் எத்தனை நாள் வேலை நின்றது என்னும் இரண்டையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு போனால் வைத்தியரிடம் சொல்வதற்கு எளிதாக இருக்கும்.